ஏழாம் பீட்டின் தாமதம்

அரசாங்கத்தில் ஒன்று தாமதமானால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தண்ணிப்பருந்து மூன்று வருடங்களில் அறுபத்து மூன்று முறை தாமதித்திருக்கிறது என்று தெரிந்ததும் தலைமை அலுவலகம் ஆடிப்போய்விட்டது. அந்த இலாகாவில் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான்.

மலைக்காட்டில் எந்த மூலையில் புகை எழுந்தாலும் நான்கு நிமிடத்துக்குள் தண்ணிப்பருந்தின் ஆறு பறக்கும் இயந்திரங்கள் வந்து தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டுப் போகும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பார்ப்பதும் கிளம்புவதும் அதன் வேலை. பன்னிரண்டு வருடங்களாக அது ஒரு தீயைக்கூடத் தவறவிட்டதில்லை. அதை உருவாக்கிய குழுவில் பொறியாளர் ஜெசிந்தாவும் இருந்தாள். அதனால் ஏழாம் பீட்டில் மட்டும் அது நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் வானத்தில் சும்மா வட்டமடித்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி, சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புகார் மாதிரி அவளுக்கு இருந்தது. நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

பீட் என்பது ஒரு காவலரின் பொறுப்பில் விடப்பட்ட காட்டுத் துண்டு. கரடிப்புடை மலைத்தொடரில் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பீட்டுகள். ஏழாம் பீட்டுக்கு ஜீப் போகாது. தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த ஜெசிந்தாவின் முழங்கால்கள் முதல் ஏற்றத்திலேயே முறையிட ஆரம்பித்தன. வழி ஆறாம் பீட்டின் ஊடாகப் போனது. இரண்டு கோடைக்கு முன்னால் அது முழுக்க எரிந்து போயிருந்தது. அன்றைக்கும் பருந்துகள் மூன்றரை நிமிடத்தில் வந்தன. கொண்டுவந்த தண்ணீர் பூராவும் கொட்டின. திரும்பப் போய் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் தீ மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்த பீட்டுப் பருந்துகள் தங்கும் கோபுரமே அதில் உருகிப்போய், பிறகு புதிதாகக் கட்டினார்கள். இப்போது அங்கே கருகிய அடிமரங்களுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு மலைப்புல்லும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடந்தன.

அந்தத் தீ காட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறாம் பீட்டில் குடியிருந்தவர்கள் இப்போது அடிவாரத்தில் தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்தார்கள். சோலை போனபின் ஓடை போனது. ஓடை போனபின் கீழே கரட்டூரில் கிணறுகள் வற்றின. மேகம் மலைமேல் வந்து நின்று பழகிய இடம் சுடுகல்லாகிவிட்டதால், நிற்காமல் தாண்டிப் போயிற்று. கரட்டூரில் பள்ளிக்கூடங்களைக் காலை பத்து மணிக்கே மூடிவிடுகிறார்கள். கரட்டூருக்கு மிச்சமிருந்தது ஏழாம் பீட்டுச் சோலையிலிருந்து இறங்கும் ஒற்றை ஓடைதான்.

ஏழாம் பீட்டின் காவலர் குருவம்மா. பளியர் பழங்குடியைச் சேர்ந்தவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, எல்லைக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள். வந்தவள் பெரிய அதிகாரி என்பதற்காக எழுந்து நின்றாள். வந்தவளுக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும், உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தாவுக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

ஏன் தாமதம் என்று கேட்டாள். குருவம்மா சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க தீ வைக்கிறோம் மேடம். மாசிப் பனியில, காலையில. அது வந்து பாக்கும். பாத்துட்டுப் போயிரும்."

காட்டில் தீ வைப்பது குற்றம். அதைப் பிடிக்கத்தான் பருந்தே. அதன் பொறியாளரிடம், காக்கிச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, சோறு வைத்தேன் என்கிற குரலில் ஒருத்தி இதைச் சொல்கிறாள். ஜெசிந்தா பையிலிருந்து பதிவுக் கருவியை எடுத்தாள்.

ஒவ்வொரு தீ அணைந்ததும் அந்தந்தக் காவலரின் கைக்கருவியில் ஒரு கேள்வி வரும். அணைத்தது அவசியமா, அவசியமில்லையா? பருந்து தன் வேலையைத் தானே திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்த கேள்வி அது. அவசியமில்லை என்று அழுத்தினால் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும். கூடவே, ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லி ஒரு மெமோவும் தானாகவே வந்துவிடும். காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் ஜெசிந்தாதான். ஒரு ஹாலில் இருநூற்றுச் சொச்சம் பேரை உட்காரவைத்து, எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் அவசியம் என்றே அழுத்திவிடுங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று அவளே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

குருவம்மா அந்தப் பயிற்சிக்கு வரவில்லை. அன்றைக்கு அவள் பீட்டில் தீ. விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம். கருவியை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் கேள்வி வந்தது. அவள் பதில் சொன்னாள்.

பன்னிரண்டு வருடங்களில் நூற்றெண்பத்தொன்பது முறை அவள் அவசியமில்லை என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றிலும் அவள் குரல் பதிவாகியிருந்தது. அலுவலகத்தில் ஒரு பிள்ளைகூட அதைத் திறந்து கேட்டதில்லை. ஜெசிந்தா பாறைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"இது நாங்க வச்ச தீ. சுத்தி பதினோரு பேரு நிக்கிறோம். முழங்கா உசரந்தான் எரிஞ்சது. நீ அணைச்சுட்ட. சருகு அப்படியே கெடக்கு. இது சித்திரையில எரியும், அப்ப உன்னால அணைக்க முடியாது."

முதல் ஒன்பது வருடங்களும் இதே கதைதான். அவர்கள் பற்றவைப்பார்கள், பருந்து கொட்டி அணைக்கும், அவள் சொல்லுவாள், மெமோ வரும், பதினொரு கிலோமீட்டர் நடந்து போய் ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் நிற்பாள். அழுத்திவிட்டுப் போயேன்மா என்று ரேஞ்சர்களே கெஞ்சியிருக்கிறார்கள். ஐந்து ரேஞ்சர்கள் மாறிப் போனார்கள். அவள் பதில் மாறவில்லை. அவள் பிடிவாதக்காரியும் இல்லை. யாரோ ஊர்க்காரன் வீசிய பீடியால் பற்றியபோதெல்லாம், அவசியம், நல்லவேளை வந்தாய் என்று சொல்லியிருந்தாள். பொங்கலன்று குடியிருப்பின் அடுப்புகளில் தண்ணீரைக் கொட்டியபோது, அவசியமில்லை, அது சோறு என்று சொல்லியிருந்தாள்.

இவ்வளவு அலைக்கழிப்புக்குப் பிறகும் ஏன் என்று ஜெசிந்தாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கேட்டாங்க, சொன்னேன். கேக்குறதுக்கு உள்ளதத்தான மேடம் சொல்லணும்?"

ஜெசிந்தா தலை குனிந்துகொண்டாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

அதற்குப் பிறகு அவள் பருந்துகள் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தாள். தாமதமான அறுபத்து மூன்று தீயிலும் ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் பச்சைக் குழை. தீ வரம்பைத் தாண்டினால் அடித்து அணைக்க அதுதான் ஆயுதம். பக்கத்தில் ஆள் இல்லாத தீ ஒவ்வொன்றுக்கும் பருந்து நான்கு நிமிடத்துக்குள் வந்து கொட்டியிருந்தது, ஒன்றுக்குக்கூடப் பிந்தவில்லை. பழுது எதுவும் இல்லை. ஒன்பது வருடம் திட்டு வாங்கிய பிள்ளை பத்தாம் வருடம் புரிந்துகொண்டுவிட்டது. ஆறாம் பீட்டை விழுங்கிய தீ ஏழாம் பீட்டின் எல்லையில் வந்து, தின்னச் சருகு இல்லாமல் படுத்துவிட்டதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் முழுதாக முடியவில்லை. சோலைக்கு நேர் மேலே உச்சிச் சரிவு என்று இன்னும் எரிக்காத ஒரு பட்டை நிலம் பாக்கி இருந்தது. பன்னிரண்டு வருடச் சருகு அங்கே முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. சித்திரையில் காற்று ஆறாம் பீட்டுப் பக்கமிருந்துதான் அடிக்கும். அந்தப் பட்டை அப்போது பற்றினால் சோலை போகும், ஓடை போகும், அதோடு கரட்டூரும் போகும். அதை நாளைக் காலை எரிப்பதாக இருந்தார்கள்.

ஜெசிந்தா தன் மேலதிகாரி உலகநாதனைப் போனில் பிடித்தாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. சட்டசபையில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர், அவ்வளவுதான். அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மா சொல்வது அங்கே சரியாகவே இருக்கலாம், ஆனால் ஒரு காவலர் பேச்சைக் கேட்டு ஒரு கோபுரம் தனியாகக் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் தன்னால் எழுத முடியும் என்றார். ஒவ்வொரு கோபுரமும் தன் பீட்டுக்காரரிடம் மட்டும் கற்கும்படி வைத்ததே தப்பு. எல்லாவற்றின் மூளையையும் அழித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து, முதலிலிருந்து ஒரே மூளையாகப் படிக்க வைக்கலாம். மாலை ஆறு மணிக்கு அங்கிருந்தே செய்துவிடுவதாகச் சொன்னார்.

"ரெண்டு லட்சத்துக்கு மேல அவசியம் இருக்கும்மா. நூத்தம்பது இருநூறு அவசியமில்லை அதுல கரைஞ்சு போயிடும். நாளைக் காலையில பருந்து பழையபடி ஒழுங்கா வரும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அப்போது மணி மதியம் ஒன்றரை. ஆறு மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம். ஜெசிந்தா ஓட்டமும் நடையுமாகக் குருவம்மாவிடம் போனாள். சங்கதியைச் சொல்லி, இப்போதே உச்சிச் சரிவைக் கொளுத்திவிடலாம், பருந்து இன்று சாயங்காலம் வரைதான் உங்கள் பேச்சைக் கேட்கும் என்றாள். சொல்லும்போதே தன் காதை அவளால் நம்ப முடியவில்லை. காட்டுத் தீயை அணைப்பதற்காகவே பன்னிரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள் கொளுத்தச் சொல்லி அவசரப்படுத்துகிறாள்.

குருவம்மா குனிந்து ஒரு கைப்பிடிச் சருகை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடி அழுத்தினாள். சருகு நொறுங்கியது. உள்ளங்கை காய்ந்தே இருந்தது.

"ஈரம் ஒட்டணும் மேடம். ஒட்டுனாத்தான் வைக்கலாம். இப்ப காத்தும் மேல ஏறுது. இப்ப வச்சா நாங்க நின்னாலும் நிக்காது."

நாளைக்குப் பருந்து அணைத்துவிடுமே என்றாள் ஜெசிந்தா. அணைக்கட்டும், மறுநாள் வைப்போம் என்றாள் குருவம்மா. மறுநாளும் அணைக்கும். அப்படியே மாசி போய்விடும், பனி போய்விடும், பட்டை அப்படியே கிடக்கும் என்று ஜெசிந்தாவின் குரல் உயர்ந்தது. குருவம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. சோலைப் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் பார்த்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அது திரும்ப முதல்லருந்து கத்துக்கட்டும் மேடம். போன தடவ ஒம்போது வருசம் ஆச்சு. நான் இருக்கேன்ல, சொல்லிக் குடுப்பேன்."

சோலை அதுவரை இருக்குமா என்று ஜெசிந்தா கேட்கவில்லை. பொறியியல் படித்த காலத்திலிருந்து எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்து வியந்திருக்கிறாள். அவர்களில் ஒருவரும் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லக்கூடிய ஆள் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மாலை ஆறு மணிக்குக் கருவியில் செய்தி வந்தது. எல்லாக் கோபுரங்களும் அழிக்கப்பட்டன. ஒரே மூளை, புதிதாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் முடிந்துவிடும்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு உச்சிச் சரிவில் ஆண்களும் பெண்களுமாகப் பதினோரு பேர் கூடினார்கள். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் எல்லோரும் வரிசையாகக் கைதட்டிக்கொண்டே சரிவை ஒரு முறை குறுக்காக நடந்தார்கள். ஒரு கேளையாடும் இரண்டு முயல்களும் ஓடின. தரையில் கூடு வைத்திருந்த கௌதாரிக்காக ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிப் புல்லறுத்து ஒதுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு குருவம்மா சருகை அள்ளிப் பிழிந்தாள். உள்ளங்கையை விரித்து ஜெசிந்தாவிடம் காட்டினாள். ஈரம் மினுங்கியது.

தீயை அடியில் வைப்பார்கள் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். உச்சியில் வைத்தார்கள். தீக்கு மேலே ஏறத்தான் ஆசை. கீழே இறங்கச் சொன்னால் முரண்டு பிடித்து மெதுவாகத்தான் வரும். அப்படி மெதுவாக வருகிற தீ சருகை மட்டும் தின்னும், மரத்தைத் தொடாது, வேரைச் சுடாது. தீ முழங்கால் உயரத்தில் ஒரு கோடாக, பூனை நடையில் இறங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் குழையோடு ஆட்கள் நின்றார்கள்.

மூன்றே முக்கால் நிமிடத்தில் பருந்துகள் வந்துவிட்டன.

பழையபடி ஒழுங்காகத்தான் வந்தன. ஆறும் சரிவின்மேல் வரிசை கட்டின. தண்ணீர் கொட்டும் அடிக்கதவுகள் ஜெசிந்தாவே வடிவமைத்தவை. திறப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு விசில் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குருவம்மா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கண் தீயின்மேலேயே இருந்தது.

விசில் வரவில்லை. ஒரு பருந்து தாழ இறங்கி, குழையோடு நின்ற பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்ப்பது போல வரிசையின் ஓரமாகப் போயிற்று. பிறகு ஏறி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆறும் வட்டமடிக்க ஆரம்பித்தன. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். தீ பட்டையின் பாதியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

உலகநாதன் போனில் வந்தார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல. நேற்று அழித்தது சரியாக அழிந்ததா என்று கேட்டார். அழிந்ததாகத்தான் பதிவு காட்டுகிறது என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பதில்களையும் படித்ததா? படித்திருக்கிறது, ஒன்றுகூட விடவில்லை. அப்படியானால் ஏன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது?

ஜெசிந்தா கருவியில் ஓடிய எண்களைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் புரிந்துவிட்டது. இது ஏன் நேற்றே தன் புத்திக்கு எட்டவில்லை?

"சார், இருநூத்திப் பதினோரு பேரு எல்லாத்துக்கும் அவசியம்னுதான் சொல்லியிருக்காங்க. பீடித் தீக்கும் அவசியம், பொங்கல் அடுப்புக்கும் அவசியம், பனிமூட்டத்தப் பாத்து ஏமாந்து தண்ணி கொட்டினதுக்கும் அவசியம். எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்ற ஆள்கிட்ட கத்துக்க என்ன சார் இருக்கு? அந்த ரெண்டு லட்சத்தையும் படிச்சுட்டு அது ஒதுக்கி வச்சிருச்சு."

பிறகு யாரிடம்தான் படித்தது என்று கேட்டார் உலகநாதன்.

"பாத்துப் பதில் சொன்னது ஒரே ஒரு ஆள்தான். அது திரும்பவும் அவங்ககிட்டதான் படிச்சிருக்கு சார். போன தடவ ஒன்பது வருஷம் ஆச்சு. இந்தத் தடவ எல்லாப் பதிலும் கையில இருந்துச்சு, ஒரே ராத்திரியில படிச்சிருச்சு."

அவர், அப்படியானால் மற்ற பீட்டுகளில் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. நேற்றுவரை குருவம்மாவின் பேச்சு ஏழாம் பீட்டுக் கோபுரத்துக்கு மட்டும்தான் தெரியும். தாமதத்தை ஒழிக்க அவர் போட்ட உத்தரவால் இப்போது மலைத்தொடர் முழுக்க ஒரே மூளை. திரும்ப அழிக்கலாம்தான். இருக்கிற பதிவுகளை வைத்துக்கொண்டு எத்தனை முறை அழித்தாலும் அது வந்து நிற்கப்போவது இந்த அம்மாவிடம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இலாகாவில் யோசிக்கக் குறைந்தது ஒரு மாதமாவது ஆகும். ஜெசிந்தா முதன்முறையாக அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

தீ பட்டையின் அடியில் வந்து, சோலையின் ஈர விளிம்பைத் தொட்டு, தானாகவே அடங்கியது. சரிவு கறுப்பாகக் கிடந்தது. மரங்கள் அப்படியே நின்றன. பருந்துகள் கடைசிப் புகை அடங்கும்வரை இருந்துவிட்டு, கொண்டுவந்த தண்ணீரோடு திரும்பிப் போயின. பதினோரு பேரும் அப்போதுதான் குழைகளைக் கீழே போட்டார்கள்.

ஜெசிந்தா குருவம்மாவின் பக்கத்தில் போய் நின்று, நடந்ததை முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். பயிற்சி ஹாலில் தான் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். இருநூற்றுப் பதினோரு பேரின் வாயை நான்தான் அக்கா அடைத்தேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆள் நின்று பார்த்துக்கொள்கிற தீ எந்த பீட்டில் இருந்தாலும் இனிமேல் பருந்து காத்திருக்கும், இது உங்களால் வந்தது என்றாள்.

பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கக் குருவம்மாவுக்கு நேரமில்லை. அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எந்த பீட்லயும்னா, ஆறாம் பீட்டுலயுமா?"

ஆமாம் என்றாள் ஜெசிந்தா.

குருவம்மா கரிபடிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூட இருந்தவர்களில் வேகமாக நடக்கக்கூடிய இரண்டு பேரைக் கூப்பிட்டாள்.

"அடிவாரத்துக்குப் போயி, தகரக் கொட்டாயில இருக்கவுகள மேல வரச் சொல்லுங்க. அவுக காட்ட அவுகளுக்குத்தான் தெரியும். பனி இன்னும் எட்டு நாளைக்கு இருக்கு."